வேலையை விட்டுவிடு!

சென்னீர்குப்பம் என்று பெயர் இருக்கிறதே தவிர, அங்கே கடலும் இல்லை, கட்டுமரமும் இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையிலே, பட்டறைகளும் கிடங்குகளும் தொழிற்கூடங்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற ஊர். மாலை ஆறரை மணிக்கு அந்தச் சாலையோரம் நின்று பாருங்கள். கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கழுத்திலே அடையாள அட்டையும் கையிலே காலிச் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் இறங்குவார்கள். நம் தாய்மார்கள் விறகு சுமந்து நடந்த சாலையிலே நம் தங்கைமார் சம்பளம் வாங்கி வருகிறார்கள். மாற்றம்தான் இது, மறுப்பார் யார்?

அந்தச் சாலையோரத்துத் தேநீர்க் கடையிலே சென்ற வாரம் ஒரு தோழரைச் சந்தித்தேன். லேத் பட்டறையிலே இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர். பொதுக்கூட்டம் என்றால் முதல் நாளே பெஞ்சு தூக்க வந்து நிற்பவர். அன்று முகம் சரியில்லை.

"தம்பி, பொண்ணை வேலையிலேருந்து நிறுத்திட்டேன்" என்றார்.

"ஏன் அண்ணே?"

"சூப்பர்வைசர் ஆளு சரியில்ல. மெஷின்ல உட்கார்ந்து தைக்கும்போது பின்னால வந்து நிக்கிறானாம். பீஸைப் பாக்குற மாதிரி தோள் மேல கை போடுறானாம். ரெண்டு மாசமா நடக்குது, எங்கிட்ட மூச்சு விடல. முந்தாநாள் அவங்க அம்மாகிட்ட அழுதிருக்கா. கேட்டதும் சொல்லிட்டேன், வேலையை விட்டுடுன்னு."

"அவன் என்ன ஆனான்?"

"எவன்?"

"அந்த சூப்பர்வைசர்தான்."

தேநீர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இருக்கான்."

இருக்கிறான்! கை நீட்டியவன் கம்பெனியிலே இருக்கிறான், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறான். கண்ணீர் விட்டவள் வீட்டிலே முடங்கிக் கிடக்கிறாள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, சாட்சி இல்லை. தண்டனை மட்டும் நிறைவேற்றப்பட்டுவிட்டது. தண்டனை கொடுத்தது முதலாளியா? இல்லை. தந்தை! அதுவும் பாசம் மிகுந்த தந்தை. மேடையருகே நின்று பெண்ணுரிமைப் பேச்சுக்குக் கை தட்டிய தந்தை!

அந்தப் பெண் இரண்டு மாதம் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவர் கேட்டார். எனக்கு அதிலே வியப்பில்லை. சொன்னால் தீர்ப்பு என்னவென்று அவளுக்கு முன்பே தெரியும்.

இதை மனத்திலே வைத்துக்கொண்டுதான் திண்டுக்கல் சமாசாரத்தைப் பேச வேண்டும். நம் நாட்டிலே ஆலைப் பெண்களின் மீது நடக்கிற வன்முறையை நடப்பதற்கு முன்பே தடுப்பதற்கென்று செய்யப்பட்ட முயற்சிகளிலே, உலகமே திரும்பிப் பார்த்தது திண்டுக்கல் ஒப்பந்தம். ஆனால் நம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் அதைப்பற்றி அறிந்த தொழிலாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளின் பழைய கதை தோழர்களுக்கு நினைவிருக்கும். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலமான பெயர் வைத்தார்கள். ஏழை வீட்டுப் பெண்ணை மூன்றாண்டு ஆலை விடுதியிலே அடைத்து வைத்து வேலை வாங்குவது, முடிவிலே கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுப்பது. இடையிலே நோய் வந்து விலகினால் அந்தத் தொகைக்கும் உத்தரவாதமில்லை. தாலியைக் காட்டித் தறி ஓட்ட வைத்த தந்திரம் அது! அந்த மண்ணிலே, 2021 ஜனவரியிலே, ஆயத்த ஆடை ஆலையிலே வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் ஒருத்தி வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்துப் பிணமாகக் கிடைத்தாள். கைதானவன் அதே ஆலையின் மேற்பார்வையாளன். மாதக்கணக்காகத் தொல்லை கொடுத்தான் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள்.

அப்போது சட்டம் இல்லையா? இருந்தது! ராஜஸ்தானத்திலே குழந்தை மணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர் 1992-ல் கொடுமைக்கு ஆளானார். அந்த நெருப்பிலிருந்து 1997-ல் உச்சநீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன. அதற்கும் பதினாறு ஆண்டு கழித்து 2013-ல் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்திலெல்லாம் உள்புகார்க் குழு அமைக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியார் ஒருவர் வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தொண்ணூறு நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். ஏட்டிலே எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் குழுவை நியமிப்பவர் யார்? முதலாளி! குழுத் தலைவி யார்? அதே ஆலையின் உயர் பதவிக்காரி. 'தையல் வரிசை மூன்று, மெஷின் பதினேழு' என்று மட்டுமே அறியப்படுகிற பெண், குளிர் அறையிலே அமர்ந்திருக்கும் அம்மையாரிடம் போய், உங்கள் மேற்பார்வையாளர் என்னைத் தொட்டார் என்று சொல்ல வேண்டும். பூனைக்கு மணி கட்டச் சொல்லி எலிக்கு உத்தரவு போட்டு, மணியையும் பூனையிடமே கொடுத்து வைத்த மாதிரி! சட்டத்தை நடைமுறைப்படுத்துவதிலே கடுமையான குறைபாடுகள் இருப்பதாக உச்சநீதிமன்றமே 2023 மே மாதத்திலே வருந்தியது. பல ஆலைகள், எங்களிடம் ஒரு புகாரும் வந்ததில்லை என்று மார் தட்டுகின்றன. சுடுகாட்டிலேகூடத்தான் புகார் வருவதில்லை!

இங்கேதான் திண்டுக்கல் வேறுபடுகிறது. அந்தப் பெண்ணின் சாவுக்குப் பிறகு, தலித் பெண்களே முன்னின்று நடத்திய சங்கம் ஒன்று, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்பது அதன் பெயர், ஓராண்டுக்கு மேல் போராடியது. வெறும் ஆர்ப்பாட்டத்தோடு நிற்கவில்லை. ஆலை தைக்கிற சட்டையை வாங்குவது யார் என்று பார்த்தது. ஆசியத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்றையும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றையும் துணைக்கு அழைத்தது. 2022 ஏப்ரலிலே ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. அதனிடம் சட்டை வாங்குகிற ஸ்வீடன் நாட்டு எச் அண்டு எம் நிறுவனமும் கையெழுத்திட்டது. அமெரிக்காவின் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் பின்னர்ச் சேர்ந்தன. அந்த ஆடை ஆலையும், அதே நிறுவனத்தின் நூற்பாலைகளும் சேர்த்து, ஏறக்குறைய 5,000 தொழிலாளர்கள் இதற்குள் வந்தார்கள்.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி இரண்டே இரண்டு இடத்திலே இருக்கிறது.

ஆலைத் தளத்திலே, தொழிலாளிப் பெண்களிலிருந்தே சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த கண்காணிப்பாளர்களை நிறுத்தினார்கள். அவள் மானேஜரின் ஆள் அல்ல, பக்கத்து மெஷின்காரி. அவளிடம் சொல்ல மனுவும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். சாப்பாட்டு வேளையிலே காதோடு சொன்னால் போதும், அவள் எடுத்துக்கொண்டு போவாள். எடுத்துக்கொண்டு போனதற்காக அவளையோ சொன்னவளையோ பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் கட்டளை. உள்புகார்க் குழுவிலும் தொழிலாளர் தரப்புக்குக் குரல் கிடைத்தது. அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் நிர்வாகத்தின் கைக்குள் அடங்காத வெளி மதிப்பீட்டாளர்களிடம் போகலாம்.

மற்றொன்று பணம். ஆலை வாக்குத் தவறினால், வாங்குகிற கம்பெனிகள் வியாபாரத்தைக் குறைத்துத் தண்டிக்க வேண்டும். விருப்பம் இருந்தால் செய் என்பதல்ல, கையெழுத்திட்ட கடமை. இதன் வலு 2022-லேயே தெரிந்தது. அந்த ஆலையின் சரக்கை அமெரிக்கச் சுங்க இலாகா ஜூலையிலே துறைமுகத்திலே தடுத்தது. செப்டம்பரிலே தடையை நீக்கியது. இடையிலே ஆலையிலே நடந்த திருத்தங்களும் இந்த ஒப்பந்தமுமே அதற்கு வழி செய்தன. நீதி கேட்டு அழுத குரலுக்குத் திறக்காத கதவு, கப்பலிலே சரக்கு தேங்கியதும் திறந்தது. கசப்பான உண்மை, ஆனாலும் உண்மை.

இது திண்டுக்கல்லிலே முளைத்த வித்து மட்டுமல்ல. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலே, இமோகலி என்ற ஊரிலே தக்காளி பறிக்கிற கூலிகள், மெக்சிகோவிலிருந்தும் ஹைட்டியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், பண்ணை முதலாளியோடு மட்டும் மோதாமல், தக்காளி வாங்குகிற உணவுக் கம்பெனிகளோடு மோதினார்கள். நான்காண்டுப் புறக்கணிப்புக்குப் பின் 2005-ல் டாக்கோ பெல் பணிந்தது. பெண் கூலிமீது கை வைக்கிற மேஸ்திரியை வைத்துக்கொள்ளும் பண்ணையிலே தக்காளி வாங்குவதில்லை என்ற நிலை, 2011-க்குப் பின் அங்கே பரவியது. ஆப்பிரிக்காவின் லெசோத்தோவிலே ஜீன்ஸ் தைக்கிற ஆலைகளிலே 2019-ல் இதே முறை வந்தது. லீவைஸ் உள்ளிட்ட கம்பெனிகள் கையெழுத்திட்டன. தக்காளிக் காட்டிலே தொடங்கியது தையல் மெஷினுக்கு வந்து, ஆசியாவிலே முதன்முதலாகத் தமிழ் மண்ணிலே ஊன்றியிருக்கிறது. நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை விலை கொடுத்து வாங்கித் தந்தவள் ஓர் ஏழை வீட்டுப் பெண் என்பதை மறந்துவிட்டுப் பெருமைப்படக் கூடாது.

பலன் என்ன? முதல் ஆண்டு அறிக்கை 185 குறைகள் எழுப்பப்பட்டன, 182 தீர்க்கப்பட்டன என்கிறது. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டார்: "ஒப்பந்தம் போட்ட பிறகு 185 புகாரா? அப்படியானால் தோல்விதானே?" இல்லை நண்பரே! அதுதான் வெற்றி. நோய் இல்லாத ஊரிலே ஆஸ்பத்திரி காலியாக இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வழியே இல்லாத ஊரிலும் காலியாகத்தான் இருக்கும். வழி போட்ட முதல் ஆண்டிலே கூட்டம் வருவதே வழி சரியானது என்பதற்கு அடையாளம். பல ஆண்டு கழித்தும் அதே கூட்டம் வந்தால் அப்போது கேட்போம் கேள்வியை.

அந்த 185-ம் பாலியல் தொல்லை பற்றியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆலை வாழ்வின் எல்லாக் குறைகளும் சேர்ந்த கணக்கு அது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி என்று தோன்றுகிறது. மேற்பார்வையாளன் ஒரு நாளிலே திடீரென்று கை நீட்டுவதில்லை. முதலிலே, "ஏண்டி, மணிக்கு இத்தனை பீஸ் ஆகணும்னு சொன்னேனே" என்று நாக்கை நீட்டுகிறான். கழிவறைக்குப் போனால் நிமிடம் எண்ணுகிறான். அவனுக்கு மேலே இருப்பவன் டார்கெட் என்று அவன் கழுத்தை நெரிக்க, அவன் இவள் கழுத்தை நெரிக்கிறான். எவரும் ஏன் என்று கேட்காத இடத்திலேதான் நாளடைவிலே கையும் நீளுகிறது. 'ஏண்டி' என்று கூப்பிட்டதற்கே இன்று கேள்வி கேட்க முடிகிற பெண்மீது நாளை கை வைக்க அவன் பத்துத் தடவை யோசிப்பான். தடுப்பது என்றால் இதுதான். மற்றதெல்லாம் நடந்த பிறகு மருந்து போடுவது.

மருந்து போடுகிற வேலையைக் குறைத்துப் பேசவில்லை. 1973-ல் தமிழ்நாட்டிலே பெண்கள் காவல் துறையிலே சேர்க்கப்பட்டார்கள். 1992-ல் ஆயிரம் விளக்கிலே அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்து, பிறகு மாநிலமெங்கும் பரவியது, பூந்தமல்லியிலும் இருக்கிறது. 181 என்ற உதவி எண் 2018 டிசம்பரிலே வந்தது. இவற்றாலே பிழைத்த பெண்கள் உண்டு. ஆனால் இவை எல்லாமே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, வரட்டும் என்று காத்திருப்பவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலே வன்முறைக்கு ஆளான பெண்களிலே உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்! எண்பத்தாறு பேர் வாசல் வரை வரவே இல்லை. வாசலை இன்னும் அகலமாக்கி என்ன பயன்? அவர்கள் இருக்கிற இடத்துக்கே ஒருத்தி போக வேண்டும். திண்டுக்கல்லிலே போனாள்.

குறைகள் இல்லையா? உண்டு, மறைக்கத் தேவையில்லை. இந்தியாவின் ஆலைகளிலே வேலை செய்கிற பெண்களிலே நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டிலேதான் இருக்கிறார்கள். அந்தப் பெருங்கடலிலே 5,000 பேர் என்பது ஒரு குடம் தண்ணீர். கணக்கு சொன்னவர்களும் கையெழுத்திட்டவர்களே; வெளியாள் எடுத்த கணக்குக்கு இருக்கும் மதிப்பை அதற்குக் கொடுக்க முடியாது. பெரிய ஓட்டை வேறு: சாவி வெளிநாட்டான் பையிலே இருக்கிறது. உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கிற ஆலையை எந்த எச் அண்டு எம் வந்து மிரட்டப் போகிறது? ஆர்டர் நாளை வங்காள தேசத்துக்கோ வியட்நாமுக்கோ போய்விட்டால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும்.

ஆகவே நம் பகுதிக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. இங்கே ஏற்றுமதித் தையலும் உண்டு, மோட்டார் உதிரிப்பாகமும் உண்டு, மின்னணுச் சாமானும் உண்டு. சந்திலே இருபது பேரை வைத்து நடத்துகிற பாக்கிங் கொட்டகையும் உண்டு. பெயர்த்து வைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: முதலாளி நியமிக்காத, பெண்கள் நம்புகிற, பக்கத்து மெஷின்காரி.

அவள் இல்லாத இடத்திலே என்ன நடக்கும் என்பதை 2021 டிசம்பரிலே நம் வாசலிலேயே பார்த்தோம். சுங்குவார்சத்திரத்துக் கைபேசி ஆலையிலே வேலை செய்த பெண்கள், பூந்தமல்லி வட்டாரத்து விடுதியிலே கெட்டுப்போன சோறு தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியிலே படுத்தார்கள். சிலர் செத்தே போனார்கள் என்று புரளி கிளம்பிற்று. இல்லை என்று சொன்னார்கள் அதிகாரிகள், நம்பவில்லை பெண்கள். நம்பும்படி சொல்ல அவர்களுக்கென்று ஓர் ஆள் உள்ளே இல்லை. நள்ளிரவிலே பெங்களூர் நெடுஞ்சாலையிலே ஆயிரக்கணக்கிலே உட்கார்ந்தார்கள். அது சோற்றுப் பிரச்சினைதான், மானப் பிரச்சினை அல்ல. ஆனால் சோற்றிலே கல் இருக்கிறது என்று சொல்ல வழியில்லாத பெண்ணுக்கு, மேலே கை விழுகிறது என்று சொல்ல வழி இருந்திருக்குமா?

சங்கத் தோழர்களே, கோபிக்காமல் கேளுங்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. கொடிக்கம்பம் இல்லாத ஆலை வாசல் குறைவு. ஆனால் செயற்குழு எப்போது கூடுகிறது? இரவு எட்டரை மணிக்கு, பீடிப் புகை சூழ. அந்த வேளையிலே பெண் எப்படி வருவாள்? வராததால் அவளுக்கு அக்கறை இல்லை என்று தீர்மானிக்கிறோம். சூப்பர்வைசரே சங்கத்து ஆளாக இருந்துவிட்டாலோ, "நம்ம பையன், கண்டித்து வைப்போம்" என்று முடித்துவிடுகிறோம். போனஸுக்கு வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம், காண்டீனுக்குச் செய்திருக்கிறோம். ஒரு பெண்ணின் தோளிலே விழுந்த கைக்காக எத்தனை ஆலையிலே மெஷினை நிறுத்தினோம்?

1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்திலே சமபங்கு வேண்டும், எந்த வேலைக்கும் தடை இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சொத்துரிமை தமிழ்நாட்டிலே சட்டமாக அறுபது ஆண்டு ஆயிற்று, 1989-ல்தான் வந்தது. வேலை உரிமைக்கோ இன்று சட்டத்தின் தடை இல்லை. தடை நம் வீட்டு வாசற்படியிலே நின்று, "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று கேட்கிறது. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: தமிழ்நாட்டிலே மணமான பெண்களிலே நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் கணவன் கையால் வன்முறை கண்டவர்கள், இந்தியா முழுதுக்கும் அது இருபத்தொன்பது. ஆலைச் சூப்பர்வைசரைத் திட்டிவிட்டு வீட்டிலே போய்ச் சூப்பர்வைசராக இருந்தால் அந்த வீட்டுப் பெண் யாரிடம் வந்து சொல்லுவாள்?

தேநீர்க் கடைத் தோழரிடம் அன்று இவ்வளவும் பேசவில்லை. இரண்டு சேதி மட்டும் சொன்னேன். வேலையை விட்டுவிடு என்றால் அவன் அடுத்த மெஷினுக்குப் போவான் என்றேன். புகார் கொடுக்க மூன்று மாதம் தவணை உண்டு, கம்பெனிக் குழு சரியில்லை என்றால் நம்மைக் கூப்பிடு என்றேன். ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்று அதே கடை. அவரே வந்து பக்கத்திலே உட்கார்ந்தார்.

"பொண்ணுகிட்ட சொன்னேன் தம்பி. திங்கக்கிழமை திரும்பப் போறாளாம். கூட தைக்கிற நாலு பொண்ணுங்களும் சேர்ந்து எழுதிக் கொடுக்குறாங்களாம். அவங்களையும் அவன் விட்டு வைக்கலியாம். இவ வராம நின்னுட்டதைப் பார்த்துத்தான் ஒருத்திக்கொருத்தி பேசியிருக்காங்க."

"நல்லது அண்ணே."

"நானும் வரட்டுமான்னு கேட்டேன். 'கேட்டுக்கு வெளியே நில்லுங்கப்பா, உள்ளே நாங்க பேசிக்கிறோம்'னுட்டா."

திங்கட்கிழமை அரைநாள் விடுப்புச் சொல்லியிருக்கிறாராம். காலை எட்டு மணிக்குக் கேட்டுக்கு வெளியே நிற்பார். நானும் போகிறேன்.